பல் பிடுங்கப் போய் சேஃப்டி ஆபீசர் ஆனவள்

ஹில்டா அன்றைக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்க லீவு போட்டிருக்கக் கூடாது. போட்டுவிட்டாள். அன்றைக்குத்தான் பள்ளியில் மீட்டிங். ஊழியர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி கொடுக்க வேண்டும், கொடுத்ததற்கு ரிஜிஸ்டர் வைக்க வேண்டும், பார்க்க ஆள் வருவார்கள் என்று ஒரு சுற்றறிக்கை. "யார் பொறுப்பு எடுத்துக்கறீங்க?" என்று கரஸ்பாண்டன்ட் எட்மண்ட் சார் கேட்டதும் நாற்பத்திரண்டு டீச்சர்களும் தரையில் எதையோ தேட ஆரம்பித்தார்கள். ஹாலில் இல்லாத ஒரே ஆள் ஹில்டா. ஆகவே ஹில்டா.

மறுநாள் வீங்கிய கன்னத்தோடு வந்தவளை சார் அறைக்குக் கூப்பிட்டார்.

"வாங்க ஹில்டா மேடம், உக்காருங்க."

சேலையூர் ஏரிக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தப் பள்ளியில் டீச்சர் என்றால் மிஸ். கெமிஸ்ட்ரி லேப் அசிஸ்டன்ட் என்றால், பத்தொன்பது வருஷ சர்வீஸ் ஆனாலும், வெறும் ஹில்டா. 'மேடம்' என்ற சொல் காதில் விழுந்ததுமே ஏதோ ஆப்பு தயாராகிவிட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"உங்களை சேஃப்டி ஆபீசரா போட்டிருக்கேன்."

வாயில் பஞ்சு. பேச முடியாமல் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு ஒரு பாலித்தீன் கவரை நீட்டினார். உள்ளே ஆரஞ்சு நிறத்தில் கையில்லாத கோட்டு, முதுகில் வெள்ளி நிறப் பட்டை. சைஸ், எட்மண்ட் சாருக்கே தொளதொளவென்று இருக்கும்.

வீட்டில் அவள் கணவன் ஜெர்சன் அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தான். மறைமலை நகரில் கார் பார்ட்ஸ் செய்யும் கம்பெனியில் அவன் சூப்பர்வைசர். ஹெல்மெட் இல்லாமல் ஷெட்டுக்குள் கால் வைத்த ஆளை வெளியே துரத்துபவன். அப்படிச் சிரித்துக்கொண்டே, பிளாஸ்டிக் நாற்காலி மேல் முக்காலியைப் போட்டு, அதன் மேல் ஏறி ஃபேனைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"முதல்ல நீ இறங்குடா," என்றாள் ஹில்டா. பதவியேற்றதும் அவள் போட்ட முதல் உத்தரவு அது. அவன் இறங்கவில்லை.

அவளை இரண்டு நாள் பயிற்சி வகுப்புக்கு அனுப்பினார்கள். முழங்காலை மடக்கி அட்டைப்பெட்டியைத் தூக்குவது எப்படி என்று ஒரு பையன் முக்கால் மணி நேரம் நடித்துக் காட்டினான். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஹாலில் பாதிப் பேர் தூங்கினார்கள். ஹில்டா தூங்கவில்லை. அவளுக்கே ஆச்சரியம். ஆபத்தில் கிடப்பவரைப் பார்த்தால் உடனே பாய்ந்து ஓடாதே, முதலில் சத்தம் போட்டு ஆளைக் கூப்பிடு, நீயும் விழுந்தால் தூக்க வேண்டியவர்கள் இரண்டு பேர் ஆகிவிடுவார்கள் என்று அந்தப் பையன் சொன்னதை மட்டும் நோட்டில் எழுதி, கீழே கோடு போட்டாள்.

அடுத்த சனிக்கிழமை பள்ளி ஹாலில் அவளுடைய வகுப்பு. அவள் வாயைத் திறக்கும் முன்பே கையெழுத்துத் தாள் ஒரு சுற்று போய் வந்துவிட்டது. கையெழுத்து போட்டதும் பலருக்குக் கடமை முடிந்தது. முதல் வரிசையில் ஒருவர் பேப்பர் திருத்தினார். "கேள்வி இருந்தா கேளுங்க" என்றதற்கு, "டீ எப்போ?" என்று ஒரு குரல்.

தீயணைக்கும் சிலிண்டரை எப்படி இயக்குவது என்று காட்ட, சுவரில் மாட்டியிருந்ததைக் கழற்றினாள். பின்னை இழுத்துப் பிடியை அழுத்தினாள். வயசான ஆள் இருமுவதுபோல அது இரண்டு தரம் இருமியது. ஒரு கைப்பிடி வெள்ளை மாவு வெளியே வந்து எட்மண்ட் சாரின் கறுப்பு பேன்ட்டில் படிந்தது. அடியில் ஒட்டியிருந்த தேதியைப் படித்தாள். காலாவதியாகி எட்டு வருஷம்.

"சரி, தீப்பிடிச்சா ஓடிருவோம்," என்று சொல்லி எல்லாரையும் பின்வாசல் பக்கம் கூட்டிப் போனாள். பின்வாசலில் சங்கிலி, பூட்டு. சாவி பி.டி. மாஸ்டர் கிரீஷிடம். கிரீஷ் படப்பையில் ஒரு கல்யாணத்தில்.

வந்திருந்த அத்தனை பேரும் அந்தப் பூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அன்றைய வகுப்பில் எல்லாரும் கவனித்துப் பார்த்தது அது ஒன்றைத்தான்.

டீ கொண்டு வந்த ஆயாம்மாக்கள் மூன்று பேர் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்கள். அதில் லோகநாயகி கொஞ்சம் வாய்க்காரி. "இன்னாக்கா, சர்க்கஸா? நாங்களும் குந்திப் பாக்கலாமா?" என்றாள்.

ஹில்டா எட்மண்ட் சாரைப் பார்த்தாள். "சார், இவங்களும் உக்காரட்டுமே."

"அவங்க கான்ட்ராக்ட் ஆளுங்க. நம்ம ஸ்டாஃப் இல்ல," என்றார் அவர், பேன்ட்டைத் தட்டிக்கொண்டே.

ஹில்டா வற்புறுத்தியிருக்கலாம். ஆனால் மணி நாலு. வீட்டில் ஊறவைத்த கொண்டைக்கடலை. அவளும் விட்டுவிட்டாள்.

வகுப்பு முடிந்து பன்னிரண்டாம் நாள், வருகிற திங்கட்கிழமை இன்ஸ்பெக்‌ஷன் என்று தகவல் வந்தது. மறுநாள் வெள்ளிக்கிழமையே எட்மண்ட் சார் பள்ளி முழுக்க நடந்து, "பாத்ரூம் கண்ணாடி மாதிரி இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். லோகநாயகி ஒரு கையில் ஆசிட் பாட்டிலும் மறு கையில் ப்ளீச்சிங் பவுடர் டப்பாவும் எடுத்துக்கொண்டு கீழ்த்தளத்துப் பையன்கள் கழிப்பறைக்குள் போனாள். பூனை வருகிறது என்று அங்கே ஜன்னலை எப்போதோ ஆணியடித்து மூடியிருந்தார்கள்.

லேபில் சோதனைக் குழாய் கழுவிக்கொண்டிருந்த ஹில்டாவின் மூக்கு திடீரென்று நிமிர்ந்தது. பத்தொன்பது வருஷம் அந்த வாடையோடு குடித்தனம் நடத்திய மூக்கு. குளோரின். ஆனால் இன்றைக்கு லேபில் யாரும் எதையும் கலக்கவில்லை.

வராண்டாவுக்கு ஓடினாள். கழிப்பறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே பச்சையும் மஞ்சளுமாக லேசான புகை. இரண்டு கால்கள் தரையில் தெரிந்தன.

உள்ளே பாயத்தான் உடம்பு துடித்தது. பயிற்சி வகுப்பில் அந்தப் பையன் சொன்னது ஞாபகம் வந்தது. நின்றாள். அவளுக்கே தெரியாத ஒரு குரலில் கத்தினாள்.

"கிரீஷ்! பசங்களை மைதானத்துக்குக் கூட்டிட்டுப் போ! ஒருத்தரையும் இந்தப் பக்கம் விடாதே! ஆம்புலன்ஸுக்குப் போன் போடு!"

அடுத்து அந்த செத்துப்போன சிலிண்டரைச் சுவரிலிருந்து பிடுங்கி, வெளிப்பக்கம் சுற்றி ஓடி, ஜன்னல் கண்ணாடியில் ஓங்கி ஒரு போடு போட்டாள். காற்று உள்ளே போனது. துப்பட்டாவைக் குழாயில் நனைத்து மூக்கைக் கட்டி, மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே போய், லோகநாயகியின் இரண்டு காலையும் பிடித்து அரிசி மூட்டையை இழுப்பதுபோல வெளியே இழுத்தாள். முழங்காலை மடக்கித் தூக்கும் முறையெல்லாம் அப்போது நினைவில் இல்லை.

மரத்தடிக்கு வந்ததும் லோகநாயகி இருமினாள், வாந்தி எடுத்தாள், கண்ணைத் திறந்து முதல் வேலையாக எட்மண்ட் சாரின் வம்சத்தையே ஒரு தரம் திட்டினாள். அதைக் கேட்டதும் ஹில்டா அப்படியே மண்ணில் உட்கார்ந்து அழுதாள்.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் குழாயை ஒதுக்கிவிட்டு லோகநாயகி கேட்டாள்.

"நா இன்னாக்கா தப்பு பண்ணேன்? இதுவும் க்ளீன் பண்றது, அதுவும் க்ளீன் பண்றது. ரெண்டையும் சேத்து ஊத்துனா டபுள் க்ளீனு ஆவும்னு நெனச்சேன்."

"நீ ஒண்ணும் தப்பு பண்ணல லோகா. நான்தான்."

"நீ இன்னா பண்ணே?"

"அன்னிக்கு உன்னை உக்கார வெச்சிருக்கணும். கொண்டைக்கடலை நெனப்புல வீட்டுக்குப் போயிட்டேன்."

லோகநாயகிக்கு அது புரியவில்லை. "கடலை மேல இன்னா தப்பு," என்று முணுமுணுத்துவிட்டுத் தூங்கிப்போனாள்.

சனிக்கிழமை எட்மண்ட் சார் ஹில்டாவைக் கூப்பிட்டார். மேசையில் பயிற்சி வகுப்பன்று சுற்றிவந்த கையெழுத்துத் தாள். கடைசி வரிக்குக் கீழே அவரே பென்சிலில் 'லோகநாயகி' என்று எழுதியிருந்தார்.

"ஆஸ்பத்திரிக்குப் போறப்ப இதுல ஒரு கையெழுத்து வாங்கிட்டு வந்துடுங்க. ட்ரெயினிங் கொடுத்தோம், அவங்கதான் கேக்கலன்னு ஆயிடும்."

"அவங்க நம்ம ஸ்டாஃப் இல்லன்னு சொன்னீங்களே சார்."

"இல்லதான்."

"ஸ்டாஃப் இல்லாதவங்க ஸ்டாஃப் ட்ரெயினிங்குக்கு எப்படி வந்தாங்க?"

"உங்களை மாத்தி வேற ஆளைப் போட வேண்டியிருக்கும்."

"தாராளமா போடுங்க. கோட்டை மடிச்சே வெச்சிருக்கேன். யாருக்குக் குடுக்கணும்னு சொல்லுங்க, நேரா கொண்டுபோய்க் குடுக்கறேன்."

யார் பெயரும் அவருக்கு வரவில்லை. ஹில்டா ரப்பரை எடுத்து, பென்சில் எழுத்தை அவர் கண்ணெதிரே அழித்து, தூளை ஊதிவிட்டு எழுந்தாள்.

திங்கட்கிழமை வந்த பெண் அதிகாரி, ரிஜிஸ்டரைப் புரட்டிவிட்டு, உடைந்த ஜன்னலைப் பற்றிக் கேட்டார். எட்மண்ட் சார், "பசங்க, கிரிக்கெட்டு" என்று ஆரம்பித்தார். "நான்தான் மேடம் உடைச்சேன்," என்று ஹில்டா குறுக்கே புகுந்து நடந்ததை நடந்தபடி சொன்னாள், கொண்டைக்கடலை உட்பட. பள்ளிக்கு நோட்டீஸ் வந்தது. பின்வாசல் சங்கிலி அன்றைக்கே கழன்றது. புது சிலிண்டர்கள் வந்தன. எட்மண்ட் சார் ஒரு மாதம் ஹில்டாவோடு பேசவில்லை. அவளுக்கு அது ஓய்வாக இருந்தது.

அந்த மாதத்தில் ஆயாம்மாக்கள், வேன் டிரைவர்கள், வாட்ச்மேன் என்று பதினொரு பேருக்கு லேபிலேயே வகுப்பு வைத்தாள். முதலில் டீ கொடுத்துவிட்டாள். பிறகு, "எங்கெங்க பயமா இருக்கு, நீங்க சொல்லுங்க," என்றாள். ஒன்றரை மணி நேரம் அவள் எழுதிக்கொண்டே இருந்தாள். பான்ட்ரி ஹீட்டரைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது. ரெண்டாம் நம்பர் வேனில் பின்கதவைக் கயிறு கட்டி ஓட்டுகிறார்கள். மூன்று வாரம் கழித்து வேலைக்குத் திரும்பி, இன்னும் இருமிக்கொண்டிருந்த லோகநாயகி கடைசியாகக் கை தூக்கினாள்.

"ரெண்டாவது மாடி ஜன்னலு. வெளிப்பக்கம் தொடைக்கணும்னா சன்ஷேடு மேல நின்னுகினு தொடைக்கணும். பிடிக்க ஒண்ணுமே இல்லக்கா."

"எத்தனை வருஷமா?"

"ஆறு."

ஹில்டா பேனாவை வைத்துவிட்டாள். அப்படி ஒரு விஷயம் நடப்பதே அவளுக்குத் தெரியாது. "இனிமே ஏறாதே," என்றாள்.

அடுத்த வாரம் எட்மண்ட் சார் கீழே நின்று மேலே கை காட்டி, "லோகா, அந்த ஜன்னல் ஒரே தூசி பாரு," என்றார்.

"ஆமா சார், நானும் பாத்தேன்," என்றாள் லோகநாயகி. "நீ ஏறி தொடச்சிடு. நா கீழ நின்னுகினு பாத்துக்கறேன்."

அவர் சன்ஷேடை நிமிர்ந்து பார்த்தார். நன்றாகவே பார்த்தார். பிறகு வெயில் அதிகம் என்று சொல்லி உள்ளே போய்விட்டார். அந்த ஜன்னல்கள் இன்றுவரை துடைக்கப்படவில்லை. அட்மிஷனுக்கு வரும் பெற்றோர் கேட்டால், பிள்ளைகளுக்கு வெயில் படாமல் இருக்க டின்டட் கண்ணாடி போட்டிருக்கிறோம் என்கிறார்.