பச்சை ஒயர்

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். எனக்கு நடந்தது எனக்குத் தெரியும். பேய்க்கு ராத்திரிதான் வேண்டும் என்று எவன் சொன்னான்? எனக்கு நடந்தது பட்டப்பகலில். ஞாயிற்றுக்கிழமை மதியம் சரியாக 2.40க்கு ஆரம்பித்தது. ஜன்னல் திறந்திருந்தது. எதிர் மாடியில் யாரோ துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள்.

நான் லிஃப்ட் மெக்கானிக். பதினெட்டு வருஷமாகக் கரண்டோடுதான் பிழைப்பு. அதனால் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். என் மனைவியின் தம்பி பகலில் பிளம்பர், சாயங்காலம் ஆனால் கிடார். அவளுக்குக் கூடப்பிறந்தவன் அவன் ஒருத்தன்தான். அம்மா போன பிறகு அவள்தான் அவனுக்கு அம்மா. அன்று ஆறு மணிக்கு ஒரு ஹாலில் அவனுக்கு முதல் மேடை. "ஆம்ப்ளிஃபயர் எதுக்குடா வாடகைக்கு? மாமா செஞ்சு தரேன்" என்று நானே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். அதுவும் வால்வு ஆம்ப். கண்ணாடிக் குழாய்க்குள் கம்பி சிவப்பாக எரியுமே, அந்தப் பழைய ரகம். மூன்று மாத ஞாயிற்றுக்கிழமைகளை அது தின்றுவிட்டது. "என்னங்க, உங்க அடுப்பு இன்னும் பத்தலையா?" என்று மனைவி கிண்டல் செய்வாள்.

டிரான்ஸ்ஃபார்மரும் அடிச்சட்டமும் மட்டும் பழைய இரும்புக் கடையில் எடுத்தது. வேறு யாரோ எப்போதோ செய்த ஆம்பில் மிஞ்சியவை. மற்றதெல்லாம் நான் புதிதாக வாங்கிப் போட்டேன்.

எல்லாம் சரி, ஆனால் 'ம்ம்ம்ம்...' என்று ஒரு இரைச்சல். கெப்பாசிட்டரை மாற்றினேன். ஒயர்களை முறுக்கிக் கட்டினேன். ஈயம் உருக்கிச் சால்டர் வைத்த இடத்திலெல்லாம் திரும்ப வைத்தேன். ஊஹூம். 2.40க்குப் பொறுமை போய்விட்டது. சட்டத்தின் மூலையில், போல்ட்டில் மாட்டியிருந்த பச்சை ஒயரை, அதாவது எர்த் ஒயரை, வெட்டி மேஜைமேல் போட்டேன். இரைச்சல் சட்டென்று நின்றது.

தப்புதான். பெட்டியில் கரண்ட் கசிந்தால் அதைத் தரைக்கு இறக்குவது அந்த ஒயர். ஒரு சாயங்காலம்தானே, நாளைக்கு ஒழுங்காகச் செய்துகொள்ளலாம் என்று நினைத்தேன். எனக்கு ஷாக்கும் அடிக்கவில்லை. எப்படி அடிக்கும்? காலில் ரப்பர் செருப்பு. இடது கை பாக்கெட்டில். கரண்ட் ஓடும்போது ஒரு கையால்தான் வேலை செய்வோம். இரண்டு கையும் பட்டால் நெஞ்சு வழியாகப் பாயும். பதினெட்டு வருஷமாக என்னைக் காப்பாற்றிய அந்தப் பழக்கம் அன்று கசிவை என்னிடமிருந்து மறைத்துவிட்டது. டெஸ்டர் கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தது. நான் எடுக்கவில்லை.

2.55. கடைசிச் சோதனை. சத்தத்தை முழுக்கத் திருகி வைத்து, ஒவ்வொரு வால்வையும் பென்சிலால் தட்ட வேண்டும். கெட்ட வால்வாக இருந்தால் ஸ்பீக்கரில் மணி மாதிரி கேட்கும். முதல் வால்வு, டிக். இரண்டாவது, டக். மூன்றாவது, டப். மூன்றும் நல்லவை. பென்சிலைக் கீழே வைத்தேன்.

டிக்.

கையைப் பார்த்தேன். பென்சில் மேஜைமேல்தான் இருந்தது. சூட்டில் கண்ணாடி சத்தம் போடும், அதுதான் என்று சொல்லிக்கொண்டேன்.

டிக்... டிக்... டிக். டக்... டக்... டக். டப்... டப்... டப்.

நான் தட்டிய அதே வரிசை. மூன்று மூன்றாக. நிதானமாக. பழுதைத் தேடி ஒரு மெக்கானிக் தட்டுகிற மாதிரி.

அப்புறம் புதிதாக ஒரு சத்தம். டொக்... டொக்... டொக். இது எந்த இடம்? பென்சிலை எடுத்து ஒவ்வோர் இடமாகத் தட்டிப் பார்த்தேன். சட்டத்தின் மூலையில் பட்டது. டொக். அதேதான். பச்சை ஒயர் இருந்த போல்ட்.

3.05. பிளக்கைப் பிடுங்கினேன். வால்வுகள் மங்கி அணைந்தன.

3.07. டொக். டொக். டொக்.

வால்வுகளைக் கழற்றினேன்.

3.09. டொக். டொக். டொக்.

மேஜையை விட்டுப் பின்வாங்கினேன்.

"மாமா! ரெடியா?"

வாசலில் மச்சான். சத்தம் நின்றுவிட்டது. மணி 3.20.

"இது வேணாம்டா. வேற வாடகைக்கு எடு."

"விளையாடாதீங்க மாமா. இனிமே எவன் குடுப்பான்?"

"இரையுதுடா..."

"எங்க, போடுங்க பாப்போம்."

பதினெட்டு வருஷ லிஃப்ட் மெக்கானிக், பேய் தட்டுது என்றா சொல்வேன்? வால்வுகளைச் செருகினேன். போட்டேன். துளிச் சத்தம் இல்லை. "அட, சூப்பரா இருக்கு! பொய் சொல்றீங்களே மாமா!" என்று என் தோளில் தட்டிவிட்டுத் தூக்கிக்கொண்டு போனான். நான் தடுக்கவில்லை. சனியன் வீட்டை விட்டுப் போனால் போதும் என்றிருந்தது. உண்மையைச் சொல்கிறேன், அதுதான் நினைத்தேன்.

5.10. காலி மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தேன். மனைவி புறப்பட்டுக்கொண்டிருந்தாள்.

டொக். டொக். டொக்.

மேஜைமேல் ஒன்றுதான் கிடந்தது. வெட்டின பச்சை ஒயர்.

அப்போதுதான் உறைத்தது. பாவம், அது எனக்குக் காட்டிக்கொண்டிருந்தது... இங்கேதான் பழுது, இங்கேதான் பழுது என்று.

போன் அடித்தேன். ஏழு தடவை. எடுக்கவில்லை. மனைவியிடம் ஒன்றும் சொல்லாமல் வண்டியை எடுத்தேன். பாதி வழியில் முன்னாலும் பஸ், பின்னாலும் பஸ். வண்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

6.14. ஹால். ஒரு பாட்டு முடிந்து கைதட்டல். மேடையில் அவன். இடது கை கிடார் கம்பிமேல், அந்தக் கம்பிக்கும் ஆம்ப் சட்டத்துக்கும் ஒயர் வழியாகத் தொடர்பு. எதிரே எர்த் ஆன இரும்பு மைக். சிரித்துக்கொண்டே வலது கையை நீட்டினான்...

"தொடாதடா!"

என் குரல் எனக்கே கேட்கவில்லை.

தொட்டான்.

அவன் கத்தக்கூட இல்லை. கை மைக்கை விடவில்லை. உடம்பு விறைத்து ஆடியது. ஜனங்கள் நடிப்பு என்று நினைத்து விசில் அடித்தார்கள்.

நாற்காலிகள். கால்கள். நாற்காலிகள்.

பிளக்கைப் பிடுங்கினேன்.

உயிர் பிழைத்துவிட்டான். இடது கையில் மூன்று விரல் மடங்காது. கிடாரை எவனுக்கோ கொடுத்துவிட்டான். என் மனைவி என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டுத் திட்டியிருந்தால் தேவலாம்.

ஒரு மாதம் கழித்து இரும்புக் கடைக்குப் போனேன். அந்தச் சட்டம் யாருடையது என்று மட்டும் கேட்டேன். கடைக்காரர் எடை போட்டுக்கொண்டே சொன்னார்.

"அதுவா... வாட்ச் ரிப்பேர்காரர் ஒருத்தர் செஞ்சது. பொண்டாட்டியோட தம்பிக்குன்னு செஞ்சாரு. இரைச்சல் போகலைன்னு எர்த்த வெட்டிட்டாரு மனுஷன். பையன் மேடையிலயே போயிட்டான்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன... பதினோரு வருஷம் அந்தச் செத்த சட்டத்த மடியில வெச்சு பென்சிலால தட்டிக்கிட்டே கெடந்தாரு. மூணு மூணா. உசிரு போகும்போதும் கையில பென்சில் இருந்துச்சாம்."

தட்டுகிற சத்தத்தைப் பற்றி அவரிடம் நான் மூச்சே விட்டிருக்கவில்லை.

சட்டத்தை உடைத்துத் தூக்கி எறிந்துவிட்டேன். வீட்டில் ஒரு பென்சில்கூட இல்லை. நேற்றுக் காலையில் மனைவி தானாகப் பேசினாள், இத்தனை நாளில் முதல் தடவையாக.

"தூக்கத்துல எதுக்குங்க விரலால கட்டில தட்டுறீங்க?"

"தட்டுறேனா... எப்படி?"

"மூணு மூணா."