வேகம் ஒன்பது, சாவு பத்து

அந்தச் சத்தத்தை முதன்முதலில் கேட்டபோது பாட்டுப் பெட்டி கசெட்டைத் தின்றுவிட்டது என்றுதான் நினைத்தேன். அவசரமாக நிறுத்தி, கசெட்டை வெளியே எடுத்து, பென்சிலை விட்டுச் சுற்றிப் பார்த்தேன். நாடா எங்கும் சிக்கவில்லை. மறுபடி போட்டேன். மறுபடியும் அதே இரைச்சல். அதற்குள்ளே ஓர் ஆள் தொண்டையைக் கிழித்துக்கொண்டு கத்துகிறான். "ஐயோ மாதாவே!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. மாத்தளை டவுனில், ஞாயிறு தவறாமல் கோயில் பாட்டுக் குழுவில் முன்வரிசையில் நின்று பாடுகிற பிள்ளை நான்.

டுபாயில் வேலை செய்த மாமா மகன் லீவில் வந்து விட்டுப்போன கசெட்டுகள் அவை. ஒன்றுக்கும் உறை இல்லை. கூடவே ஏதோ இங்கிலீஷ் பத்திரிகையிலிருந்து பிரதி எடுத்த பத்துப் பதினைந்து பக்கங்கள் இருந்தன. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு அவற்றைப் படித்தேன். படிக்கப் படிக்க எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. இப்படிக் கத்திப் பாடுவதற்கென்றே உலகத்தில் பாட்டுக் கூட்டங்கள் இருந்திருக்கின்றன! முதலில் இங்கிலாந்தில் மூன்று பேர். வாத்தியத்தை ஒழுங்காகப் பிடிக்கவே தெரியாமல் வாசித்து, பின்னால் வந்த அத்தனை பேருக்கும் வழி காட்டிவிட்டார்கள். பிறகு சுவிஸில் மூன்று பேர். அவர்கள் அவசரப்படாமல், சேற்றில் எருமை நடப்பதுபோல் வாசிப்பார்கள். பிரேசிலில் சில பையன்கள். இங்கிலீஷே சரியாகத் தெரியாமல் இங்கிலீஷில் சாவைப் பற்றிப் பாடினார்கள். அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது, நானும் அப்படித்தானே! இங்கிலாந்தில் இன்னொரு கூட்டம், தும்மி முடிப்பதற்குள் ஒரு பாட்டை முடித்துவிடும்.

நோர்வேக்காரர்கள்தான் என்னைக் கலங்கடித்தார்கள். அவர்களில் சிலர் மரத்தால் கட்டிய பழைய தேவாலயங்களைக் கொளுத்தினார்கள் என்று படித்த அன்று அந்தக் கசெட்டைத் தொடவே கை கூசியது. இரண்டு நாள் கேட்கவில்லை. மூன்றாம் நாள் கேட்டேன். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேனா என்றால், இல்லை.

எனக்கு எதையும் சும்மா ரசிக்கத் தெரியாது, புள்ளி போட்டாக வேண்டும். கோடு போட்ட தாளில், தமிழில், ஒரு பட்டியல் எழுதினேன். நாடு, எத்தனை பேர், வேகத்துக்குப் பத்தில் எத்தனை, சாவுக்குப் பத்தில் எத்தனை. சாவு என்று நான் போட்டது, கேட்கும்போது உடம்பு எவ்வளவு சில்லிட்டது என்பதற்கான கணக்கு. 'இங்கிலாந்து, மூன்று பேர், வேகம் ஆறு, சாவு ஏழு. முதல் அடி இவர்களுடையது.' 'நோர்வே, நான்கு பேர், கோயில் எரித்த கூட்டம், வேகம் ஒன்பது, சாவு பத்து.' சிறந்த பத்துத் தொகுப்புகளிலிருந்து தலா ஒரு பாட்டு எடுத்து ஒரே கசெட்டில் பதிய வேண்டும் என்பது என் ஆசை. டவுனில் கசெட் பதிந்து தரும் ரெக்கோர்டிங் பார்காரர் அரை நிமிடம் கேட்டுவிட்டு, "தங்கச்சி, இது பழுதாப்போன டேப். என் மெஷினும் கெட்டுப்போயிரும்" என்று திருப்பித் தந்துவிட்டார். பழுதில்லை, பாட்டே இப்படித்தான் என்றேன். மனிதர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வீட்டுல ஒங்க அப்பாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

அதனால்தான் அண்ணனிடம் கொடுத்தேன். அவன் தம்புள்ளை மரக்கறிச் சந்தையில் லொறிக்கு மூட்டை ஏற்றுவதைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தான். அங்கே ஒரு முஸ்லிம் நானாவின் கடையில் எதைக் கொடுத்தாலும் கேள்வி கேட்காமல் பதிந்து தருவார்களாம். அண்ணனுக்கு என் பாட்டு அறவே பிடிக்காது.

"பிசாசு, இதுக்கெல்லாம் நான்தான் கெடச்சேனா ஒனக்கு?" என்று திட்டிக்கொண்டேதான் கசெட்டுகளையும் பட்டியலையும் பையில் போட்டான்.

அன்று மத்தியானம் பஸ் கொண்டக்டர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். "அக்கா, ஒங்க மகன ஆமி சோதனையில பஸ்ஸிலருந்து எறக்கிட்டாங்க. பையில ஏதோ கடுதாசி இருந்துச்சாம்" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். என்ன கடுதாசி என்று எனக்கு மட்டும்தான் தெரியும். இராணுவம் அப்படி ஏற்றிக்கொண்டு போன பிள்ளைகள் எத்தனையோ பேர் திரும்பி வராத யுத்த காலம் அது.

அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் அடிக்கவில்லை. அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பியபோது மட்டும் வழிமறித்தாள். "ஆம்பிளை போனா ஒங்களையும் வச்சுக்குவாங்க. நானும் இவளும் போறோம். எழுதினவளே வந்து சொல்லட்டும்." மறுநாள் காலை கிராம சேவகரின் கடிதம், அண்ணனின் ஞானஸ்நானச் சான்றிதழ், அடையாள அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு சொப்பிங் பேக்கில் போட்டுக்கொண்டு இராணுவ முகாமுக்குப் போனோம். மூன்று மணி நேரம் வெயிலில் நிற்க வைத்துவிட்டுத்தான் உள்ளே கூப்பிட்டார்கள்.

மேசையில் என் பட்டியல் இருந்தது. பக்கத்தில் ஒரு கசெட் பிளேயர். தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு வரியாகப் படித்து, அதிகாரிக்குச் சிங்களத்தில் சொன்னார். நான் எழுதியதை அந்த அறையில் கேட்டபோதுதான் எனக்கே திக்கென்றது. மூன்று பேர், முதல் அடி. நான்கு பேர், கோயில் எரித்த கூட்டம். சாவு பத்து. கடவுளே, நானாக இருந்தாலும் பிடித்து உள்ளேதான் போட்டிருப்பேன்!

"இவர்கள் யாருடைய ஆட்கள்?" என்று அதிகாரி கேட்டார். பேச்செல்லாம் சிங்களத்தில்தான். பாட்டுக்காரர்கள், சேர், என்றேன். அவர் பிளேயரைத் தட்டினார். அந்த இரைச்சல் அறையை நிறைத்தது. அம்மா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள். அதுவரை அவள் அதைக் கேட்டதே இல்லை.

அதிகாரி நிறுத்தினார். "இதில் யாரை அடிக்கிறார்கள்?"

"யாரையும் அடிக்கல்ல, சேர். அவர் பாடுறார்."

"இப்படி யாராலும் பாட முடியாது."

"முடியும் சேர்." வாய் முந்திக்கொண்டது. என் குணம் அப்படி.

அவர் நாற்காலியில் சாய்ந்தார். "அப்படியென்றால் நீ பாடு."

அம்மா என்னைப் பார்த்தாள். தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, வீட்டில் யாருமில்லாத நேரத்தில் மட்டும் நான் பழகிய கத்தல் அது. யாருக்கும் தெரியாது. அண்ணனை நினைத்துக்கொண்டேன். கண்ணை மூடி, வயிற்றிலிருந்து மூச்சை இழுத்து, கத்தினேன். என் உடம்பிலிருந்துதான் அது வந்தது என்று எனக்கே நம்ப முடியவில்லை. கண்ணைத் திறந்தபோது வாசலில் துவக்கோடு காவல் நின்றவன் உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். அதிகாரி வாயைத் திறந்தபடி இருந்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். மேசையில் அடித்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மற்றவர்களையும் கூப்பிட்டார். இன்னொரு தரம், என்றார். கத்தினேன். இன்னும் ஒரு தரம். கத்தினேன். ஏழெட்டுப் பேர் சுற்றி நின்று சிரித்தார்கள். வெட்கத்தில் செத்துவிடலாம் போலிருந்தது. அம்மா தலையை நிமிர்த்தவே இல்லை.

ஒரு கொப்பியில் எங்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு அண்ணனை விட்டார்கள். கசெட்டுகளைத் தரவில்லை. நான் கேட்கவும் இல்லை.

பஸ்ஸில் அம்மாவுக்கு முன் சீட் கிடைத்தது. நானும் அண்ணனும் பின்னால் உட்கார்ந்தோம். அவன் முகம், கை, கால் எல்லாவற்றையும் திருட்டுத்தனமாகப் பார்த்தேன். காயம் எதுவும் தெரியவில்லை.

"மன்னிச்சிரு" என்றேன்.

அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். "நேத்துப் பின்னேரம் ஒன் கசெட்டத்தான் போடுறாங்கன்னு நெனச்சேன்" என்றான்.

"எங்க?"

"பக்கத்து ரூம்ல. ஒரே கத்தல். அப்பாடா, போட்டுக் கேக்கிறாங்க, பாட்டுன்னு தெரிஞ்சிரும், விட்ருவாங்கன்னு சந்தோஷமா இருந்துச்சு. சுவத்துல காத வச்சுக் கேட்டுக்கிட்டே இருந்தேன்."

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"அப்பறம் அது அம்மான்னு கத்திச்சு."

அம்மா திரும்பிப் பார்த்து, பசிக்குதா, பணிஸ் வாங்கட்டுமா என்று கேட்டாள். அண்ணன் வேண்டாமென்று தலையாட்டினான். அவனை உயிரோடு கொண்டுவந்துவிட்டோம் என்ற நிம்மதி எனக்கு அந்த சீட்டிலேயே போய்விட்டது. சுவர் அவ்வளவு மெல்லியதென்றால், நான் மூன்று தரம் கத்தியதை, அம்மா என்று கத்திய அந்த ஆளும் கேட்டிருப்பான். அதற்குப் பிறகு எல்லோரும் சிரித்ததையும் கேட்டிருப்பான்.