மூன்று பேரின் பேரில் முப்பது பங்கு

பெனடிக்ற் தன் அத்தான் செபமாலைமுத்துவுக்கு ஆயிரத்து இருநூறு பவுண் கொடுக்க வேண்டியிருந்தது.

செபமாலைமுத்து ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். லண்டனில் கோப்பை கழுவி, பெற்றோல் நிலையத்தில் விறைத்து, மிச்சத்தில் சொந்தக் கடை போட்டவர். வங்கி மனேசர் கணக்கு மெசினைத் தட்டி முடிக்குமுன் வட்டியை வாயால் சொல்லிவிடுவார். இங்கே அரசாங்கம் ரெலிபோன் கம்பனியையும் காஸ் கம்பனியையும் விற்றபோது பங்கு வாங்கி லாபம் பார்த்தவர், 1987இல் பிரெஞ்சு அரசாங்கம் விற்கும்போது சும்மா இருப்பாரா? ஐந்து வருடத்துக்கு முன் முதலாளிமாரிடமிருந்து அரசுடைமையாக்கிய வங்கி ஒன்றை அது திரும்பவும் சனத்துக்கு விற்றது. ஆளுக்குப் பத்துப் பங்குதான். பாரிசில் இருந்த மனைவியின் தம்பி பெனடிக்றுக்கு அந்த ஆயிரத்து இருநூறை அனுப்பினார். அவன் பேரிலும், அவனோடு வேலை செய்த இருவர் பேரிலும் முப்பது பங்கு கிடைத்தது. துண்டு ஒன்றும் எழுதவில்லை. பெண் எடுத்த வீட்டில் கையெழுத்துக் கேட்பது மரியாதை இல்லை என்று நினைத்துவிட்டார்.

ஐப்பசியில் பங்குச்சந்தை சரிந்தது. "எல்லாம் போச்சு அத்தான்," என்று பெனடிக்ற் போனில் அழுதான். மனைவியின் தம்பி என்றபடியால் அவர் நம்பினார்.

அடுத்த தையில் அவருடைய மகனுக்கு ஞானஸ்நானம். பெனடிக்ற்தான் ஞானத்தகப்பன். முதல்நாள், பேர் கொடுத்த இருவரில் ஒருவனான சவிரிமுத்து வாழ்த்துச் சொல்லப் போன் எடுத்தான். "வைகாசியிலயே வித்துப்போட்டம் அண்ணை. உங்கட காசுக்கு ஆயிரத்தைந்நூறு பவுண் வந்தது. பெனடிக்ற் தந்தவன்தானே?"

அன்றிரவு அவர் கண் மூடவில்லை.

காலையில் கோவில் வாசலில், பாரிசிலிருந்து வந்திருந்த பெனடிக்ற் புது லெதர் கோட்டோடு பிள்ளையை வாங்கக் கை நீட்டினான். செபமாலைமுத்து குறுக்கே நின்றார்.

"கையை எடு. என்ர காசை வை, பிறகு பிள்ளையைத் தொடு."

"அத்தான், சந்தை விழுந்ததெல்லோ..."

"விழுந்தது ஐப்பசியில. நீ வித்தது வைகாசியில. என்ர காசு உன்ர முதுகில கோட்டாய்த் தொங்குது!"

"சனம் பாக்குது, சத்தம் போடாதேங்கோ," என்றாள் அவர் மனைவி றோஸ்மலர், பிள்ளையை அணைத்தபடி.

"பாக்கட்டும்! அந்த அரசாங்கம் வங்கியைப் பறிச்சபோதுகூட முதலாளிமாருக்கு நட்டஈடு குடுத்ததடா. பிறகு வித்தபோதும் இன்ன விலையெண்டு பேப்பரில போட்டுத்தான் வித்தது. நீ அக்காவின்ர புருசனை மொட்டையடிச்சிட்டு, அவன்ர பிள்ளைக்கு ஞானத்தகப்பனோ?"

பெனடிக்றின் மனைவி இசபெல் முகம் சிவந்து அவன் பக்கம் திரும்பினாள்.

"கார்ட் விளையாடி வெண்ட காசெண்டுதானே எனக்குச் சொன்னனீங்கள்? வெக்கமில்லையோ?"

லண்டன் ரூட்டிங் நகைக்கடையில் தாலிக்கொடி வாங்கவென்று மாற்றி வைத்திருந்த பவுண் நோட்டுகளைக் கைப்பையிலிருந்து எடுத்தாள். செபமாலைமுத்து உள்ளங்கையை விரித்தார். அவள் எண்ணினாள். ஆயிரத்து இருநூறில் நிறுத்தினாள்.

அவர் கையை மடக்கவில்லை.

"லாபமும் என்ரதான் பிள்ளை."

இசபெல் புருசனை ஒருமுறை பார்த்தாள். பிறகு மீதி முந்நூறையும், ஒவ்வொரு நோட்டாக, அந்த உள்ளங்கையில் எண்ணி வைத்தாள்.