பர்ஸுக்குள் நான்கு சீட்டு

நான் ஒரு முட்டாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதி படித்த பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து 'அப்பவே நினைச்சேன்' என்று பெருமைப்பட்டுக்கொள்ள விட எனக்கு மனமில்லை. அத்தாட்சி போன மாதம்வரை என் பர்ஸிலேயே இருந்தது. டிரைவிங் லைசென்ஸுக்குப் பின்னால், பொடியாக மடித்த நான்கு காகிதத் துண்டுகள். தினசரி காலண்டரில் கிழித்த தாளை நறுக்கியவை. ஒரு பக்கத்தில் ராகு காலமும் எமகண்டமும் அரையும் குறையுமாகத் தெரியும். மறுபக்கத்தில் என் கையெழுத்து. நான்கிலும் ஒரே பெயர்: வீவெல்லா. ஐந்தாவதாக ஒன்று உண்டு, அதிலும் இதே பெயர்தான். அது செம்பாக்கத்தில் ஒரு வீட்டின் பூஜை அலமாரியில், அம்மன் படத்துக்குக் கீழே, மஞ்சள் துணியில் முடிந்து பத்திரமாக இருந்தது. தினமும் அதற்கும் சேர்த்துக் கற்பூரம் காட்டினார்கள். என் கையெழுத்துக்கு இவ்வளவு மரியாதை என் அலுவலகத்தில்கூடக் கிடைத்ததில்லை.

அந்த வீட்டு மாடியில் ஐந்து வருடம் குடியிருந்தோம். கீழே ஹவுஸ் ஓனர் குடும்பம். ஏரிக்கரைப் பக்கம் ஒரு காலத்தில் நெல் விளைந்த நிலமெல்லாம் அவர்களுடையது. பிறகு அதெல்லாம் மனையாகி, மனையெல்லாம் வீடாகி, வீடெல்லாம் எங்களைப் போன்ற வாடகைக்காரர்களால் நிரம்பியது. அந்தத் தெருவுக்கே ஓனர் அண்ணனின் தாத்தா பெயர்தான். வீட்டு வாசலில் கருங்கல்லில் வெட்டியிருப்பது அவருடைய அப்பாவின் பெயர். தண்ணீர் லாரியில் அண்ணனின் சொந்தப் பெயர். ஆண்கள் பெயர் எழுத இடம் பற்றாத ஊர் அது. அந்த வீட்டின் மருமகளை, அண்ணனின் மனைவியை, நான் 'ஓனர் அக்கா' என்று கூப்பிட்டேன். போனிலும் அப்படித்தான் பதிந்து வைத்திருந்தேன்.

அக்காவின் கை சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. மாடிப்படியின் மூன்றாவது படியில் உட்கார்ந்து, கால் கட்டைவிரலில் பிளாஸ்டிக் ஒயரை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு கூடை பின்னுவார். நெல்லிக்காய் முடிச்சுக் கூடை, சிவன் கண் முடிச்சுக் கூடை, தண்ணீர் பாட்டில் போட ஒரு நீளப் பை என்று தினம் ஒன்று. நான் அலுவலகம் போகும்போது அடிப்பாகம் மட்டும் இருக்கும். திரும்பி வரும்போது கைப்பிடி ஏறியிருக்கும். நான் அன்றைக்கு அலுவலகத்தில் முடித்த வேலை என்னவென்று அந்தக் கூடை என்னைக் கேட்பதுபோல் இருக்கும். சொந்தக்காரர்களுக்குச் சும்மா கொடுத்துக்கொண்டிருந்தார். அதில் ஒன்றை யாரோ ஒரு பெண் படமெடுத்து இன்ஸ்டாகிராமில் போட, எங்கே கிடைக்கும் என்று விசாரித்து ஒரே வாரத்தில் ஏகப்பட்ட பேர் வந்துவிட்டார்கள். ஆன்லைனில் கடை போடுங்கள் என்று என் மனைவி பக்கம் ஒன்றைத் திறந்து கொடுத்தாள். கடைக்குப் பெயர் வேண்டும்.

பெயர் என்றால் அந்தத் தெருவில் என்னிடம்தான் வருவார்கள். எங்கள் தெருநாய்கள் மூன்றுக்கும் என் மேலதிகாரிகள் மூவரின் பெயரை வைத்தவன் நான். யார் குரைப்பார், யார் கடிப்பார், யார் பிஸ்கட் போட்டால் மட்டும் எழுந்து வருவார் என்பதுவரை பொருத்தம் பார்த்து வைத்தது. அந்தக் கர்வத்தோடு இரண்டு நாள் யோசித்து 'வீவெல்லா' என்ற பெயரைப் பெற்றெடுத்தேன். இத்தாலியில் நாலு தலைமுறையாகக் கூடை பின்னும் குடும்பம் மாதிரி இல்லையா? எனக்கு அப்படித்தான் தோன்றியது. அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவர் ஒயரை இழுத்து முடிச்சை இறுக்கிவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா சார், சோப்பு பேரு மாதிரி கீது?"

"ஸ்டைல்க்கா, ஸ்டைல். அமெரிக்காவுல இருந்து ஆர்டர் வரும் பாருங்க."

"அமெரிக்காவுல ஒயர் கூடையில இன்னா, காய்கறியா வாங்கப் போறாங்க?" என்று சிரித்தார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "என் பேரையே வெச்சா இன்னா சார்?" என்றார்.

நான் உடனே ஜோக் அடித்தேன். எனக்கு வாய் திறந்தால் முதலில் வருவது அதுதான். "சொந்தப் பேர் வைக்கிறதெல்லாம் மளிகைக் கடைக்குக்கா" என்றேன். அவரும் கூடவே சிரித்தார். சிரித்து முடித்து, கூடையைப் பார்த்தபடியே சொன்னார்: "இந்த வூட்டுக்கு வந்து இருவத்திரண்டு வருசம் ஆவுது. மருமவளே, அண்ணி, அம்மா, ஓனரம்மா. எங்கம்மா போனப்பறம் என்னைப் பேர் சொல்லிக் கூப்புட ஆள் இல்ல சார். கூடையிலயாச்சும் இருக்கட்டுமேன்னு பாத்தேன்."

'அடடா' என்றேன் நான். ஒரு மனிதன் இதைக் கேட்ட பிறகு அடுத்துக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான். அதை நான் கேட்கவில்லை.

அதற்குள் வீட்டில் ஆளுக்கொரு பெயர் சொல்லிவிட்டார்கள். ஓனர் அண்ணன் குலதெய்வத்தின் பெயர் என்றார். அவருடைய அம்மா தன் மாமியாரின் பெயர் என்றார். மகள் ஏதோ இங்கிலீஷ் பெயர் சொன்னாள். என்னுடையதும் அக்காவினுடையதும் சேர்த்து ஐந்து. பேச்சு தடித்ததும் அக்காதான், "ஆத்தா முன்னாடி சீட்டு போட்டுப் பாத்துடலாம், அவ சொன்னா யாரும் பேசக்கூடாது" என்று முடித்துவைத்தார். வீடு கட்ட எந்தத் திசை, பெண்ணுக்கு எந்த மாப்பிள்ளை என்பதெல்லாம் அந்தக் குடும்பத்தில் அப்படி முடிவானதுதான். கையெழுத்து நன்றாக இருக்கும் என்று சீட்டு எழுதுகிற வேலையை என்னிடம் கொடுத்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை மாடியில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். முதல் சீட்டில் வீவெல்லா. இரண்டாவதில் அக்காவின் பெயர் எழுத வேண்டும். பேனா நின்றுவிட்டது. எனக்கு அவர் பெயர் தெரியாது. வாடகை ஒப்பந்தத்தில் இருப்பது அண்ணனின் பெயர். மூன்று வருடமாக அவர் கொடுத்த மீன்குழம்பைச் சாப்பிட்டிருக்கிறேன், என் மனைவிக்கு டெங்கு வந்தபோது ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கூட உட்கார்ந்தவர், பெயர் தெரியாது. சமையலறைக்குப் போய் மெல்ல மனைவியிடம் கேட்டேன். "நான் அக்கான்னுதான் கூப்பிடறேன். நீங்கதான் ஊருக்கே பேர் வைக்கிறவராச்சே, கீழ போய்க் கேளுங்களேன்" என்றாள். முதல் வாரம் கேட்காமல் விட்ட பெயரை மூன்றாம் வருடம் போய் எப்படிக் கேட்பது? அதுவும், தன் பெயரைச் சொல்ல ஆள் இல்லை என்று அவர் என்னிடமே சொன்ன பிறகு?

அப்போதுதான் என் மூளை அதன் வழக்கமான வேலையைச் செய்தது. வெட்கப்பட வேண்டிய இடம் வந்தால் அதை ஜோக்காக மாற்றிவிடுவது எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். ஒரு சீட்டில் மட்டும் பெயர் இல்லாவிட்டால் அது அவமானம். ஐந்திலும் ஒரே பெயர் இருந்தால் அது குறும்பு. ஐந்திலும் வீவெல்லா எழுதினேன். பூசாரி ஒன்றை எடுத்ததும் மற்றதையும் பிரித்துக் காட்டுவது, எல்லோரும் சிரிப்பார்கள், ஓனர் அண்ணன் என் முதுகில் ஒன்று வைப்பார், அக்கா தானே தன் பெயரைச் சொல்லி வேறு சீட்டு எழுதச் சொல்வார். திட்டம் இதுதான். இதைவிட மோசமான திட்டங்களால்கூட உலகத்தில் சில நல்லது நடந்திருக்கிறது.

கோயிலில் பூசாரி சீட்டுகளைப் பித்தளைச் சொம்பில் போட்டுக் குலுக்கி, கண்ணை மூடி ஒன்றை எடுத்தார். பிரித்து எழுத்துக்கூட்டிப் படித்தார். "வீ... வெல்லா. வாயில நொழையலியேம்மா. ஆத்தாவுக்கு இங்கிலீஷ் தெரியும் போல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அக்கா இரண்டு கையையும் நீட்டி அந்தச் சீட்டை வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டார். இடது கண், வலது கண், பிறகு நெற்றி. கண் கலங்கியிருந்தது. "சரிம்மா, நீ சொன்னா சரி" என்று அம்மனைப் பார்த்துச் சொன்னார். தான் கேட்டது கிடைக்கவில்லை என்ற வருத்தத்தை ஒருத்தி என் கண் முன்னால் விழுங்கினாள். திறந்த வாயை நான் மூடிக்கொண்டேன்.

மகள், "மத்ததையும் பிரிச்சுப் பாக்கலாம்மா" என்று சொம்புக்குள் கையை விடப் போனாள். நான் சொம்பைப் பிடுங்காத குறையாக வாங்கி, "சாமி சொன்னப்பறம் மத்ததைப் பாக்கறது அவநம்பிக்கை ஆயிடும்மா" என்றேன். பூசாரியே என்னை மரியாதையோடு பார்த்தார். அன்று நான்கு சீட்டும் என் சட்டைப் பைக்குள் போயின. அங்கிருந்து பர்ஸுக்கு. ஏன் எறியவில்லை என்று கேட்டால் தெரியாது. குப்பையில் போட்டாலும் யாராவது எடுத்துவந்து கொடுத்துவிடுவார்கள் என்ற பயமாக இருக்கலாம்.

கடை நன்றாகவே ஓடியது, அதுதான் கஷ்டம். படுத்திருந்தால் பெயர் ராசியில்லை என்று மாற்றியிருக்கலாம். கூரியர்காரர் கேட்டில் வண்டியை நிறுத்தி "வீவெல்லா மேடம்!" என்று கத்துவார். அக்கா உள்ளேயிருந்து "தோ, வந்துகினே கீறேன்" என்று பதில் கொடுப்பார். இருபத்திரண்டு வருடம் கழித்து அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஒரு ஆள் கிடைத்தார். அவர் கூப்பிட்டது நான் உருவாக்கிய பெயரை. பெரும்பாக்கத்தில் ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பில் கைவினைப் பொருள் கண்காட்சி நடந்தது. சிறந்த கடை என்று மைக்கில் அறிவித்து, "திருமதி வீவெல்லா அவர்கள் மேடைக்கு வரவும்" என்றார்கள். அக்கா புதுப் புடவையைச் சரிசெய்துகொண்டு போய்ச் சான்றிதழ் வாங்கினார். அதிலும் அப்படியே அச்சடித்திருந்தது. நான் எல்லோரையும்விடப் பலமாகக் கை தட்டினேன். திரும்பி வரும்போது ஆட்டோவில், "பேரைத் தப்பா போட்டுட்டாங்களேக்கா" என்று ஆழம் பார்த்தேன். "இன்னா தப்பு? ஆத்தா குடுத்த பேரு சார்" என்றார். பேருந்து நிறுத்தம் வந்ததும் எனக்கு ஏதோ வேலை இருப்பதாகச் சொல்லி இறங்கிவிட்டேன்.

பிறகு நாங்கள் பள்ளிக்கரணையில் சொந்த வீட்டுக்குக் குடிவந்துவிட்டோம். தூரம் போனால் குற்றவுணர்ச்சி குறையும் என்று நினைத்தேன். ஆனால் பர்ஸ் கூடவே வந்ததே. பெட்ரோல் பங்கில், சுங்கச்சாவடியில், போலீஸ்காரர் லைசென்ஸ் கேட்கும் இடத்தில் எல்லாம் அந்த நான்கும் எட்டிப் பார்த்தன. ஒரு போலீஸ்காரர் "இன்னா சார், லாட்டரியா?" என்றார். "ஆமா சார், வேற ஒருத்தருக்கு விழ வேண்டியது" என்றேன். ஜோக் என்று நினைத்து விட்டுவிட்டார்.

போன மாதம் ஓனர் அக்கா போன் செய்தார். வீட்டு முன்பக்க அறையையே கடையாக்குகிறாராம், நேரில் வந்து வாங்குகிறவர்களுக்கு. "வாசக்கல்லுல பேரு வெட்டப் போறேன் சார். மாமனார் பேருக்குப் பக்கத்துலயே. உங்க எழுத்துதான் வேணும், வந்து எழுதிக் குடுங்க. கல்வெட்டறவரு திங்கக்கெழம வராரு" என்றார். இன்ஸ்டாகிராமில் இருக்கிற பெயரை ஐந்து நிமிடத்தில் மாற்றலாம். கல்லில் வெட்டினால் அது என் பேரன் காலம்வரை அங்கே நிற்கும், தெரு முழுக்க ஆண்கள் பெயர் இருக்கிற ஊரில் அவருக்குக் கிடைத்த ஒரே கல்லில். ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியை எடுத்தேன். சதுப்பு நிலத்தை ஒட்டிப் போகும்போது என்ன சொல்வது என்று உரக்கவே ஒத்திகை பார்த்தேன். எந்த இடத்தில் சிரிப்பு வரும், எந்த இடத்தில் கும்பிட வேண்டும் என்பதுவரை.

அக்கா அதே மூன்றாவது படியில் உட்கார்ந்து ஒரு மஞ்சள் கூடைக்குக் கைப்பிடி சுற்றிக்கொண்டிருந்தார். தலை கொஞ்சம் நரைத்திருந்தது. பக்கத்தில் கல்வெட்டுக்காரர் அளவு குறித்துக் கொடுத்திருந்த வெள்ளைத்தாளும் ஒரு ஸ்கெட்ச் பேனாவும். நான் நின்றபடியே சொல்லிவிட்டேன். ஐந்து சீட்டிலும் ஒரே பெயர் எழுதியதை, சொம்பைப் பிடுங்கியதை, எல்லாவற்றையும். விளையாட்டுக்குச் செய்தேன் என்றேன். உங்கள் பெயரை ஏன் எழுதவில்லை என்கிற இடத்தை மட்டும் தாண்டிப் போனேன். ஒத்திகையிலும் அந்த இடம் இல்லை. "கல்லுல உங்க பேரை வெட்டுங்கக்கா" என்று முடித்து, பர்ஸிலிருந்து நான்கு சீட்டையும் எடுத்து நீட்டினேன்.

கூடையை மடியிலிருந்து இறக்கி வைத்தார். அவர் கை சும்மா இருந்து அன்றுதான் பார்த்தேன். சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, மடிப்பை நீவி, படியின்மேல் வரிசையாக வைத்தார். நான்கையும் படித்தார். அழவில்லை, திட்டவில்லை, திட்டியிருந்தால் நான் ஏதாவது ஜோக் சொல்லித் தப்பித்திருப்பேன். பிறகு அந்த வெள்ளைத்தாளையும் பேனாவையும் என் பக்கமாக நகர்த்தினார்.

"என் பேரு இன்னா, சொல்லிட்டு எழுதுங்க."