கைப்பையில் அடங்கும் துப்பாக்கி

சனிக்கிழமை மாலை நான்கு இருபதுக்கு என் தோழி விசாலாட்சி தன் கைப்பையை ஒரு மர மேஜையின்மேல் கவிழ்த்துக் கொட்டினாள். எங்கள் வீட்டில் எல்லாம் கோணலாகிப்போனது அந்த நிமிஷத்திலிருந்துதான்.

நேரம் எப்படி இவ்வளவு துல்லியமாகத் தெரியும் என்கிறீர்களா? மேஜைக்கு மேலே ஒரு பெரிய சுவர்க்கடிகாரம். சுடுவதற்கு முன்னால் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சீக்கிரம் சுட்டு முடித்தால் ஐந்து மணி பஸ்ஸைப் பிடிக்கலாமே என்று.

ஆமாம், சுடுவதற்கு என்றுதான் எழுதியிருக்கிறேன். அப்பளம் இல்லை... துப்பாக்கி.

விசாலாட்சி எங்களுக்கு எதிர்வீடு. திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. உஸ்மான் ரோடில் நகைக்கடை. இரண்டு வருஷத்துக்கு முன் கணவர் திடீரென்று போனபோது, மைத்துனர்கள் கடையை விற்றுவிடச் சொன்னார்கள். இவள் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே கடைச்சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டாள். சென்ற வருஷம் ஒரு நாள் மாலை, பனகல் பூங்கா திருப்பத்தில் இரண்டு பேர் சைக்கிளில் அவள் ரிக்‌ஷாவைத் தொடர்ந்து எங்கள் தெருமுனை வரை வந்தார்கள். நானாக இருந்தால் ஒரு வாரம் ஜுரத்தில் படுத்திருப்பேன். அவள் லைசென்ஸுக்கு மனுப் போட்டாள். எட்டு மாதம் அலைந்து வாங்கியும்விட்டாள்.

இப்போது துப்பாக்கி வாங்க வேண்டும். கைப்பையில் அடங்குகிற சின்னத் துப்பாக்கி. வெளிநாட்டுச் சரக்கு வருவது நின்று எத்தனையோ வருஷமாகிறது. பழைய ஜமீன், ரிட்டயர்டு அதிகாரி என்று யாராவது விற்க வந்தால்தான் உண்டு. அப்படி வந்த மூன்றை மவுண்ட் ரோடு துப்பாக்கிக் கடைக்காரர் ரைபிள் கிளப்புக்கே கொண்டுவருவதாகவும், சுட்டுப் பார்த்துப் பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம் என்றும் ஏற்பாடு.

"ஆம்பளைக கூட்டத்துல தனியா நிக்கணுமே சரோஜா. நீயும் வா. நளினியும் வரட்டும், அவளுக்குத்தான் எல்லாம் தெரியும்லா" என்றாள்.

நளினி என் பெண். ஒரே பெண். பி.எஸ்ஸி. முதல் வருஷம், என்.சி.சி.யில் இருக்கிறாள். அந்தக் கிளப்பில்தான் ரைபிள் சுடப் பழகுகிறாள். நளினி அவளுடைய நிஜப் பெயர் இல்லை. அவளே தேர்ந்தெடுத்துக் கொடுத்தது. காரணம் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எனக்கு விசாலாட்சிமேல் பொறாமை.

அவள் கடையில் மின்னுகிற எதைப் பார்த்தும் வந்ததில்லை. அவள் வீட்டுக்கு ஃபிரிட்ஜ் வந்தபோது கொஞ்சம் வந்தது. தினமும் ஐஸ் கட்டி கொடுத்தனுப்பினாள், போய்விட்டது. ஆனால் என் பெண் காலேஜிலிருந்து வந்ததும் புத்தகத்தை என் மேஜையில் போட்டுவிட்டு எதிர்வீட்டுக்கு ஓடுகிறாளே... அங்கிருந்து ஜன்னல் வழியாக அவள் சிரிப்பு கேட்கிறதே... அது ஐஸ் கட்டியில் ஆறுகிற சமாசாரமா?

என்னிடம் அவள் பேசுவது மூன்றே வார்த்தை. "ம்", "சரி", "தெரியாது". அங்கே போனால் ஒரு மணி நேரம். முதலில் 'ஆன்ட்டி' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஆடி மாதத்திலிருந்து 'விசாலம்மா'. அந்த இரண்டாவது பாதி எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று பெண்ணைப் பெற்றவர்களுக்குத் தெரியும்.

கிளப்பில் சுடுகிற இடமான ரேஞ்ச் என்பது ஒரு நீளமான தகரக் கொட்டகை. எதிரே மணல்மேடு. அதில் காகித வட்டங்கள். பொறுப்பாளர் ஒரு ரிட்டயர்டு சுபேதார். மீசை மட்டும் இன்னும் ரிட்டயர் ஆகவில்லை. வந்தவுடன் எங்களை வரிசையாக நிற்கவைத்து ஒரே ஒரு விதி சொன்னார்.

"குழல் எப்பவும் மணலைப் பார்க்கணும். யார் கூப்பிட்டாலும் சரி, தலை திரும்பலாம்... துப்பாக்கி திரும்பக் கூடாது. புரிஞ்சுதா?"

இதில் புரியாமலிருக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். இருபது வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக் கொடுக்கிறவள் நான்.

கடைக்காரர் அனுப்பிய ஆள் மூன்றையும் பச்சைத் துணியில் பரப்பினான். முதலாவது ஒரு ரிவால்வர். விசாலாட்சி தூக்கிப் பார்த்தாள். "ஏ அய்யா, இதுக்கு எங்க கடைத் தராசையே பையில போட்டுக்கலாமே!" என்றாள். சுட்டபோது கை தோள் வரை எகிறியது. குண்டு எந்த ஊருக்குப் போனதோ, காகிதத்தில் இல்லை.

"பரவால்ல மேடம், இத்த புடிச்சுப் பாருங்க" என்று அவன் இரண்டாவதை நீட்டினான். தட்டையான பிஸ்டல். "கையில பூ மாதிரி குந்திக்கினு கீது பாருங்க."

நளினி அவள் பக்கத்தில் போய் நின்றாள். "விசாலம்மா, மூச்சை இழுத்து, பாதி விட்டுட்டு நிறுத்துங்க. விரலை இழுக்காதீங்க, மெதுவா அமுக்குங்க. இருங்க... மணிக்கட்டை நான் பிடிச்சுக்கறேன்."

பிடித்துக்கொண்டாள். விசாலாட்சியின் காதோரம் ஏதோ சொன்னாள். இருவரும் சிரித்தார்கள். குண்டு வட்டத்தின் ஓரத்தைத் தொட்டது.

"டாட்டரா மேடம்? நல்லா டிரெய்னிங் குடுத்துகினு கீது" என்றான் கடை ஆள்.

விசாலாட்சி மறுத்திருக்கலாம். வாய் திறக்குமுன் நளினி, "ஆமா, வளர்ப்பு மக" என்று சொல்லிக் கண்ணைச் சிமிட்டினாள். விளையாட்டுக்குத்தான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்... என்று நினைக்கிறேன்.

"நானும் ஒண்ணு சுடறேன்" என்றேன்.

"நீயா? பட்டாசுக்கே காதைப் பொத்திக்குவியேம்மா!" என்றாள் நளினி.

"ஏன், எனக்குக் கை இல்லையா?"

சுபேதார் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மூன்றாவதை எடுத்தார். மூன்றிலும் சின்னது. உள்ளங்கைக்குள் மறைந்துவிடும். ஒரே ஒரு தோட்டா போட்டு என் கையில் வைத்தார். சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தேன் என்று சொன்னேனே, அது அப்போதுதான்.

பின்னால் கடை ஆளின் குரல். "தட்டையா கீதே, பேக்ல போட்டுப் பாத்துருங்க மேடம். ஜிப் மூடுதான்னு தெரியணும்ல."

விசாலாட்சி கைப்பையைக் கவிழ்த்தாள்.

சாவிக்கொத்து உருண்டது. விபூதிப் பொட்டலம், மூக்குக்கண்ணாடி, பெப்பர்மின்ட், ஒரு கைக்குட்டை. அப்புறம் நாலாக மடித்த ஒரு காகிதம். தலை திரும்பலாம் அல்லவா, திரும்பித்தான் பார்த்தேன். அந்தக் காகிதத்தை எனக்குத் தெரியும். காலேஜ் முத்திரை போட்டது. டெல்லியில் ஒரு மாத முகாமுக்கு நளினியைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். பெற்றோர் அல்லது கார்டியன் சம்மதம் வேண்டும். முடியாது என்று நான் பத்து நாள் முன்னாலேயே சொல்லிவிட்டேன். இரண்டு நாள் ரயில், வடக்கத்திக் குளிர், தெரியாத மனிதர்கள்... அவள் அப்பா நெய்வேலியில் வேலை பார்ப்பவர், "உன் இஷ்டம்" என்று கடிதம் எழுதிவிட்டு நிம்மதியாக இருந்தார். காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டதாக நளினி என்னிடம் சொல்லியிருந்தாள்.

இப்போது பாய்ந்து அதை எடுக்கப் பார்த்தாள். எடுக்கும்போதே பிரிந்துகொண்டது. நான்கடி தூரத்திலிருந்தே தெரிந்தது. கார்டியன் என்ற இடத்தில் பென்சிலால் நளினி எழுதியிருந்த பெயர் 'விசாலாட்சி'.

"அது என்ன காகிதம்?" என்று கேட்டுக்கொண்டே முழுதாகத் திரும்பினேன்.

கடை ஆள் மேஜைக்கு அடியில் போய்விட்டான். விசாலாட்சி சுவரோடு ஒட்டிக்கொண்டாள். சுபேதார் உள்ளங்கையைக் காட்டியபடி கல்லாக நின்றார். இவர்களுக்கெல்லாம் என்ன வந்துவிட்டது என்று எனக்குக் கோபம். காகிதத்தைச் சுட்டிக்காட்டி, "கேக்கறேன் இல்ல, அது என்ன?" என்றேன்.

சுட்டிக்காட்டியது எந்தக் கையால் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"அம்மா" என்றாள் நளினி. அந்தக் குரலை அவளிடம் அதற்குமுன் நான் கேட்டதில்லை. "அப்படியே நில்லு. என்னைப் பார்க்காதே. விரலை வெளியே எடு... மெதுவா."

எந்த விரல்? என் விரல் எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியவில்லை. அவள் பக்கவாட்டில் வந்தாள். என் மணிக்கட்டைப் பிடித்து ஒரே அழுத்தாகக் கீழே தள்ளினாள்.

வெடித்தது.

அவள் கால்மேல் மண் தெறித்தது. குண்டு இறங்கிய இடத்துக்கும் அவள் செருப்புக்கும் நடுவே ஒரு சாண். பிறகு சுபேதார் அளந்தார். நான் பார்க்கவில்லை. ஆனால் அந்தச் சாண் இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

துப்பாக்கியை வாங்கி, காலியாக்கி, சுபேதாரிடம் முறையாகக் கொடுத்தாள். அதுவரை அவள் கை ஆடவில்லை. அதற்கப்புறம்தான் குழந்தை மாதிரி அழுதாள். நான் கையை நீட்டினேன். அவள் ஓடிப்போய் முகம் புதைத்தது விசாலாட்சியின் தோளில்.

ஒன்று கேட்கிறேன், உங்களில் யாராவது என்னைப் போல இருந்திருக்கிறீர்களா? பெற்ற பெண்ணைக் கொல்லப் பார்த்த அந்த நிமிஷத்திலும், அவள் எந்தத் தோளில் சாய்கிறாள் என்று கணக்குப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். பொறாமைக்கு வெட்கம் கிடையாது. சவுகரியமான நேரம் பார்த்தும் அது வருவதில்லை.

"அம்மா, நீங்க கிளம்புங்க. இனிமே இந்தப் பக்கம் வரவேண்டாம்" என்றார் சுபேதார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

ஐந்து மணி பஸ் கிடைத்தது. தனியாக வந்தேன்.

வீட்டில் உட்கார்ந்து யோசித்தேன். போன தை மாதம் பத்திரிகையின் இதே பக்கத்தில் நான் எழுதியது நினைவிருக்கிறதா? என் பெண் தலையணையடியில் ஒளித்துவைத்திருந்த கவிதை நோட்டைப் பற்றி? "வயிறு வலிக்கச் சிரித்தேன்" என்று எத்தனை பேர் கடிதம் போட்டீர்கள்! நானும் பூரித்துப்போனேன். காலேஜில் அவளை ஒரு மாதம் அந்தக் கவிதையின் முதல் வரியாலேயே கூப்பிட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. விசாலாட்சிக்குத் தெரியும், என்னிடம் பிறகுதான் சொன்னாள். அதைச் சொல்லி அழத்தான் முதன்முதலில் எதிர்வீட்டுக்குப் போயிருக்கிறாள். தலையணையடியில் இருப்பதை எடுத்து ஊருக்குக் காட்டுகிறவளிடம் யார் எதைச் சொல்வார்கள்?

அவள் இன்று நளினி ஆனது இதனால்தான். இதை எழுத அனுமதி கேட்டேன். "பேரை மாத்து. நடந்ததை மாத்தாதே" என்றாள்.

ஆனால் அது பிறகு. சனிக்கிழமை அவள் வீட்டுக்கு வரவில்லை. எதிர்வீட்டில் விளக்கு எரிந்தது, சிரிப்புச் சத்தம் இல்லை. விசாலாட்சி மட்டும் ஏழு மணிக்கு வாசல் வரை வந்தாள். உள்ளே வரவில்லை.

"புள்ள சாப்பிட்டுட்டா. இங்க படுத்துக்கட்டும்" என்றாள். போகத் திரும்பியவள் நின்றாள். "நான் கையெழுத்துப் போடல சரோஜா. ஒரு வாரமா அந்தப் பேப்பர் பையிலயே கிடக்கு. போடவும் மனசு வரல, உன்கிட்ட சொல்லவும் பயம். துப்பாக்கி வாங்கப் போறவ பேச்சைப் பாரு."

கடைசியில் அவள் எந்தத் துப்பாக்கியும் வாங்கவில்லை. "பயத்தை நேத்தே பார்த்துட்டேன், இனி சைக்கிள்காரன் என்னத்த காட்டிருவான்" என்று ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் பால்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தது ஜன்னலில் கேட்டது. அந்தக் காகிதம் மட்டும் அவளிடம் இல்லை என்று எனக்கு அப்போது தெரியாது.

காலை ஆறரை மணிக்குக் காபி கலந்துகொண்டிருந்தேன். டம்ளர் தட்டில் பட்டுப் பட்டுச் சத்தம் போட்டது. முந்தின நாளிலிருந்து வலது கை நிற்கவே இல்லை. கதவு திறந்திருந்தது. நளினி வந்தாள். நேற்றைய அதே புடவை, ஓரத்தில் மண். நாலாக மடித்த காகிதத்தைச் சாப்பாட்டு மேஜையில் பிரித்து வைத்தாள். பென்சிலில் எழுதிய பெயரை அழித்திருந்தாள், அழித்த தடம் தெரிந்தது. என் பேனாவைக் கொண்டுவந்து மூடியைத் திறந்தாள்.

நான் வாங்கினேன். நிப்பு காகிதத்தில் படவே மாட்டேன் என்றது.

அவள் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மணிக்கட்டை நான் பிடிச்சுக்கறேம்மா. நீ போடு."