திட்டுவதற்கு மட்டும் தமிழ்

டோரீன் தாதியாகி, அதுவும் ஆபரேஷன் தியேட்டரில் வேலைக்குச் சேர்ந்ததை, மலையில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் இடத்திலெல்லாம் செபமாலை என்கிற அவள் அம்மா சொல்லிச் சொல்லிக் கேட்பவர்கள் சலித்துப்போனார்கள். டாக்டர் கையை நீட்டினால் தன் மகள்தான் கத்தியை எடுத்துக் கொடுக்கிறாள் என்பாள். அந்தக் கத்தியை எடுத்துக் கொடுப்பதற்குள் மகள் படும் பாடு அவளுக்குத் தெரியாது. டோரீன் சொன்னதில்லை.

தியேட்டருக்குப் பொறுப்பாக இருந்தவர் சுதர்ஷினி சிஸ்டர். கொட்டகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர்தான். அதை யாராவது நினைவூட்டினால் அவருக்குப் பிடிக்காது. எல்லோரோடும் சிங்களத்தில்தான் பேசுவார், அதுவும் தேன் தடவிப் பேசுவார். டோரீனைத் திட்டுவதற்கு மட்டும் தமிழ். பெரிய டாக்டருக்கும் மயக்க மருந்து டாக்டருக்கும் தமிழ் புரியாது. ஆகவே மாஸ்க்குக்குப் பின்னாலிருந்து, ஜெபம் முணுமுணுப்பதுபோல, எதை வேண்டுமானாலும் சொல்லலாம். தையல் நூலைக் கொஞ்சம் பிந்திக் கொடுத்தால், கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்கே போயிருக்கலாமே என்பார். தியேட்டரில் தமிழ் புரிந்த இன்னொரு தாதி ரிஃப்னா. அவள் வாப்பாவுக்கு ஹட்டன் டவுனில் துணிக்கடை. உடை மாற்றும் அறையில் டோரீன் அழும்போது வந்து தோளைத் தொடுவது அவள் ஒருத்திதான்.

சென்ற வருடம் செபமாலைக்குக் கர்ப்பப்பை இறங்கிவிட்டது. ஆயுள் முழுக்கச் சரிவில் சுமை தூக்கிய உடம்பு. மகள் இருக்கும் ஆஸ்பத்திரியிலேயே ஆபரேஷன் என்று முடிவானது. முன்னொரு தடவை வார்டுக்கு வந்த சித்தி "அடியே டோரீனு" என்று கூப்பிட்டுவிட்டாள். இது என்ன காலையில் ஆள் கூப்பிடும் பெரட்டுக்களமா என்று சிஸ்டர் அதைச் சொல்லியே நெடுநாள் குத்திக்கொண்டிருந்தார். அதனால் வருவது தன் அம்மா என்று டோரீன் யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடமும் சொல்லி வைத்தாள்.

"உள்ள வந்தா என்னையக் கூப்புடாதீங்கம்மா. தெரிஞ்ச மாதிரியே காட்டிக்காதீங்க."

செபமாலை ஏனென்று கேட்கவில்லை. பெரிய இடத்துச் சட்டம் என்று நினைத்துக்கொண்டாள்.

அன்றைக்கு டாக்டர் பக்கத்தில் நிற்கும் முறை டோரீனுக்கே வந்தது. முதுகில் ஊசி போட்டு, செபமாலையை இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகச் செய்தார்கள். நெஞ்சுக்கு நேரே பச்சைத் துணியைத் திரையாகக் கட்டினார்கள். திரைக்கு அந்தப் பக்கம் அவள் விழித்தபடி கிடந்தாள். இந்தப் பக்கம், அம்மாவின் உடம்பில் கத்தி படுவதைப் பார்த்தபடியே டோரீன் இடுக்கியை எடுத்தாள். அது கையிலிருந்து நழுவித் தட்டில் விழுந்தது.

சிஸ்டர் டாக்டரிடம் சிங்களத்தில் மன்னிப்புக் கேட்டார். பிறகு டோரீன் பக்கம் சாய்ந்தார்.

"கொழுந்து பறிக்கிறவ வயித்துல பொறந்தா கை இப்பிடித்தான் இருக்கும். ஒன்னையச் சொல்லிக் குத்தமில்ல, பெத்தவளச் சொல்லணும்."

திரைக்கு அப்பால் மயக்க மருந்து டாக்டர்தான் குனிந்து, வலிக்கிறதா அம்மா என்று சிங்களத்தில் கேட்டார். செபமாலையின் கண்ணீர் காதுக்குள் வழிந்துகொண்டிருந்திருக்கிறது. இல்லை ஐயா என்று செபமாலை தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னாள். மகளைக் கூப்பிடவில்லை.

மறுநாள் வார்டில் டோரீன் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"அந்தம்மா எந்தத் தோட்டம்?" என்றாள் செபமாலை.

"யாரும்மா?"

"நேத்துப் பேசுனாங்களே. பேச்சுலயே தெரியுது, நம்ம ஆளுதான்." இரண்டு வாய் கஞ்சி விழுங்கிய பிறகு, "கங்காணி பேச்ச நாங்க கேட்டோம், சரி. படிச்சுப்புட்டு நீயுமா கேக்குற?"

அந்த ஒரு கேள்விதான் டோரீனை மேலிடத்தில் முறைப்பாடு செய்ய வைத்தது. விசாரணையில் சுதர்ஷினி சிஸ்டர் நிதானமாகப் பேசினார். தான் வேலை பழக்கியதாகச் சொன்னார். படுத்திருந்தது சொந்தத் தாய் என்பதை மறைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றது யார் குற்றம் என்று கேட்டார். டாக்டர்கள் தங்களுக்குப் பாஷை புரியவில்லை என்றார்கள். செபமாலை சாட்சிக்கு வரத் தயாராக இருந்தாள். மருந்து ஏறிய நோயாளியின் பேச்சை எடுக்க முடியாது என்று விசாரித்தவர்கள் சொல்லிவிட்டார்கள். அன்று தியேட்டரில் இருந்தவர்களில் மிஞ்சியவள் ரிஃப்னா. அவள் டோரீனின் முகத்தைப் பார்க்காமல், மெஷின் சத்தத்தில் தனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்றாள்.

நோட்டன் பிரிட்ஜ் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு டோரீனை மாற்றினார்கள். புண்ணுக்கு மருந்து கட்டும் வேலை. தன்னால்தான் மகளுக்கு இப்படி ஆயிற்று என்று செபமாலை மருகினாள். பரிசோதனைக்கு வரச்சொல்லியும் அந்தப் பெரிய ஆஸ்பத்திரிப் படியை அவள் மறுபடி மிதிக்கவில்லை.

சில மாதம் கழித்து ரிஃப்னா டோரீனுக்குப் போன் எடுத்தாள். முதலில் சுகம் விசாரித்தாள். பிறகு குரல் உடைந்தது.

"சிஸ்டர் இப்ப என்னையத்தான் புடிச்சிக்கிட்டாங்க டோரீன். அதே மாதிரி, தமிழ்லதான்."

ஏதாவது ஆறுதல் சொல்லத்தான் டோரீன் நினைத்தாள். ஆனால் நோயாளிகள் காத்திருக்கிறார்கள் என்று சொல்லிப் போனை வைத்தாள். நோயாளிகள் உட்காரும் வாங்கில் ஒருவரும் இல்லை.