காலண்டருக்குப் பின்னால் இருந்த தாள்

தப்பு என்னுடையதுதான், சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

சங்கரன்கோவிலில் ஓட்டல் நடத்துகிறேன். ஒருநாள் சோதனைக்கு வந்த உணவுப் பாதுகாப்பு அலுவலர், என் தண்ணீர்த் தொட்டியில் பாசி பிடித்திருப்பதைப் பார்த்தார். ‘சுத்தம் திருப்தியாக இல்லை’ என்று எழுதிய தாளை, சாப்பிட வருகிறவர்கள் பார்க்கும்படி கல்லாவுக்குப் பின்சுவரில் ஒட்டிவிட்டுப் போனார். ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டம் வரும் நேரம். தொட்டியை அப்புறம் கழுவிக்கொள்ளலாம் என்று, தாளை மறைத்துத் தினசரி காலண்டரை மாட்டினேன்.

மறுநாள் காலை குருவிகுளத்து அம்மா ஒருவர் இட்லி பார்சல் வாங்கினார். அன்று விடியற்காலையில்தான் ஆஸ்பத்திரியில் அவர் மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. குழந்தையின் நட்சத்திரம் பார்க்கக் கல்லாவுக்குப் பின்னால் வந்தவர், எழுத்து பொடியாக இருந்ததால் காலண்டரை ஆணியிலிருந்து கழற்றினார். பின்னாலிருந்த தாளை முழுதாக வாசித்தார்.

“பிள்ள பெத்தவளுக்கு வாங்குதேன்னு சொன்னேனே அண்ணாச்சி. அப்பவும் வாயத் தொறக்கலியே?”

பார்சலை மேசையில் வைத்துவிட்டு, காலண்டரை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

அன்றே கடையை அடைத்துத் தொட்டியைத் தேய்த்துக் கழுவினேன். மறுசோதனைக்கு நானே அலுவலரைக் கூப்பிட்டேன். இப்போது பழைய தாளும், ‘சுத்தம் திருப்தி’ என்று அவர் எழுதித் தந்த புதிய தாளும் சேர்ந்தே வாசலில் இருக்கின்றன.

“பழசக் கிழிச்சுப் போடும் வே, யாவாரம் கெட்டுரும்” என்றார் பக்கத்துக் கடைக்காரர். கெடவில்லை.

காலண்டர் தொட்டிக்குப் பக்கத்தில் தொங்குகிறது. தொட்டிக்குள் எட்டிப் பார்க்காமல் ஒருநாளும் நான் தேதி கிழிப்பதில்லை.